மூன்றாவது அடிக்குப் பிறகு

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி என்றால் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குவதுதான். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குப் போனவர்கள் ஜெல் தடவிய தலையும் புதுச் சட்டையுமாக வந்து, லயத்து வீட்டு வரிசையையே இரண்டுபடுத்திவிட்டு, பலகாரம் ஆறுவதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள். அப்புறம் தோட்டத்தில் இளவட்டம் என்று சொல்ல ஜீவராஜ்தான் மிச்சம்.

அவனுக்கும் போக ஆசை இருந்தது. அப்பா செத்த பிறகு அம்மா ராக்காயியைத் தனியே விட மனம் வரவில்லை. பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை கிடைத்தது, இருந்துவிட்டான். அங்கே காற்றாடிகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனோடுகூடப் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் அம்மா களைத்துப் படுத்திருப்பாள். வாயைத் திறக்க ஆள் இல்லாமலே பல நாள்கள் கழிந்தன.

அவனுக்கென்று இருந்த ஒரே கூட்டாளி அழகன். ஒரே லயம், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததும் ஒரே வாங்கு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் போன் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவன், முதல் தீபாவளிக்கு ஒரு பழைய பிளேஸ்டேஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு சண்டை விளையாட்டு சீடி. போகும்போது பெட்டியை ஜீவராஜிடமே விட்டான். "நீ பழகி வையி, நான் வந்து அடிக்கிறேன்" என்றான். சொன்னபடியே ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து அடித்தான்.

அது திருட்டு சீடி. எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. சண்டைக்காரர்களுக்கு இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜீவராஜுக்குக் கம்புக்காரன், அழகனுக்குத் தொப்பையன். சும்மா சொல்லக் கூடாது, ஜீவராஜின் கை கைதான். அத்தனை பொத்தான்களையும் வரிசை பிசகாமல் அழுத்தி, கம்பைக் கீழே இறக்காமல் அடித்துக்கொண்டே போவான். மெஷினோடு விளையாடினால் அவனை வெல்ல முடியாது.

ஆனால் அழகனிடம் அது செல்லவில்லை. அழகனுக்குக் கை அப்படியொன்றும் வேகமில்லை. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு விளையாட விடும் கடையில் ஊர்ப்பட்ட பையன்களோடு மோதி, எவனுக்கு எதிரே எவன் எங்கே அகப்படுவான் என்று தெரிந்துவைத்திருந்தான். கம்புக்காரன் மூன்றாவது அடி அடித்ததும் கம்பை ஒரு கணம் பின்னால் இழுப்பான். கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளியில் குந்தியிருக்கும் தொப்பையன் எட்டிப் பிடித்தால், தூக்கித் தரையில் அறையலாம். அழகன் மூன்று அடியையும் பொறுமையாக வாங்கிக்கொண்டு, அறைவான். மெஷின் ஒருநாளும் அப்படிப் பிடிக்காது. அதனால் வருஷம் முழுக்க ஜீவராஜுக்கு அப்படியொரு ஓட்டை இருப்பதே மறந்துபோகும்.

போன தீபாவளிக்கு ஜீவராஜ் தோற்றபோது அழகன் கட்டிலில் எழுந்து நின்று ஆடினான். ஜீவராஜ் தலையணையால் அவனை வெளுத்தான். அடுத்த தடவை அடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே வைராக்கியம் எடுத்துக்கொண்டான்.

அந்த வருஷம் அவன் செய்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். ஒரு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் தரையில் வைத்துக் கால் பெருவிரலால் அழுத்தினான். கையால் கம்புக்காரன், காலால் தொப்பையன். விரல் மரத்துப்போகும், காலில் போட்ட மேஸ் கிழிந்துபோகும். ராக்காயி பார்த்துவிட்டு, மகனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைக்க வேண்டும் என்று சாமியிடம் முறையிட்டாள். கடைசியில் வழி பிடிபட்டது. இரண்டாவது அடியோடு நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்கினால், மூன்றாவதும் விழும் என்று நம்பித் தொப்பையன் வெறும் காற்றைப் பிடிப்பான். அப்போது அவன் காலை வாரிவிடலாம். பேக்டரியில் கொழுந்தை உதறும்போதுகூட, அழகன் பிடிக்க வருவதும் ஏமாறுவதும் அவன் முகம் போகும் போக்கும்தான் மனதில் ஓடியது. தனியாக நின்று சிரித்துக்கொள்வான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத் தீபாவளி மழையோடு வந்தது. மத்தியானம் முறுக்கைக் கடித்துக்கொண்டே அழகன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். இடுப்பில் போன். ராக்காயியிடம் நலம் விசாரித்துவிட்டு உட்கார்ந்தான்.

ஜீவராஜ் இரண்டு அடி அடித்தான். நிறுத்தினான். பின்வாங்கிக் காத்திருந்தான். தொப்பையன் பிடிக்க வரவில்லை. சம்பந்தமே இல்லாமல் எம்பிக் குதித்துக் கம்புக்காரன் தலைமேல் உட்கார்ந்தான். மறுபடி இரண்டு அடி, மறுபடி காத்திருப்பு, மறுபடி தலைமேல் குதிப்பு. முதல் ஆட்டம் அழகனுக்கே போனது. "என்னடா, வருசமெல்லாம் தூங்கிட்டியா?" என்று அழகன் சிரித்தான். ஜீவராஜுக்குப் புல்லரித்தது. கொழும்பிலிருந்து ஏதோ புது வித்தை கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தான்.

அப்போதுதான் அழகனின் கையைப் பார்த்தான். அது கண்டபடி அழுத்திக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்றே அந்தக் கைக்கு நினைவில்லை.

பிறகு ஜீவராஜ் காத்திருக்கவில்லை. பழையபடி அடித்தான். அடுத்த ஆட்டம், அதற்கடுத்தது, எல்லாமே அவனுக்குத்தான். தொப்பையனால் ஒரு விரல்கூட வைக்க முடியவில்லை. அழகனுக்குக் கோபமே வரவில்லை. "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டிவிட்டு, சிக்னல் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்குப் போனான்.

திரும்பி வந்தவன், கொட்டாஞ்சேனையில் அந்த விளையாட்டுக் கடையை மூடி ரொம்ப நாளாகிவிட்டது என்றான். அந்தப் பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறானாம், விசா வந்துவிட்டதாம். இதெல்லாம் முறுக்குக்கு நடுவில் சொன்னான்.

"தீவாளிக்கு வருவியா?"

"ரெண்டு வருசத்துக்கு லீவு கெடையாதுடா. அப்பறம் பாப்போம்."

ஜீவராஜ் ரிமோட்டை எடுத்து அவன் கையில் திணித்தான். "கடைசியா ஒண்ணு" என்றான். ஆட்டம் தொடங்கியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேண்டுமென்றே மெதுவாக அடித்தான். அழகன் சும்மா இருந்தான்.

"இப்பப் புடிக்கணும்டா. மூணாவது அடிக்கு அப்பறம். நீதானே புடிப்ப?"

"அப்படியா?"

"குந்திக்க. நான் அடிக்கிறேன். இப்ப அழுத்து. இது இல்ல, அந்தப் பக்கத்துப் பொத்தான்."

அழகன் அழுத்தினான். தொப்பையன் கம்புக்காரனைத் தூக்கித் தரையில் அறைந்தான். ஜீவராஜ் இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தான், இன்னொரு தடவை அறை விழுந்தது. கம்புக்காரன் எழுந்திருக்கவில்லை. அழகன் பழையபடி கட்டிலில் ஏறி ஆடுவான் என்று ஜீவராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். அழகன் ரிமோட்டைப் பக்குவமாகக் கீழே வைத்தான். அடம்பிடிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வாய் சோறு ஊட்டியவன் மாதிரி, "சரி, போதுமா?" என்று கேட்டான்.

நல்ல மனதோடுதான் கேட்டான். தலையணையால் அடித்திருந்தால்கூட ஜீவராஜ் தாங்கியிருப்பான்.

மறுநாள் ஹட்டன் பஸ்ஸுக்கு அழகனின் பையைச் சுமந்துகொண்டு கூடவே போனான். வழியில் அழகன் சம்பளம், ஏஜென்சி, கட்டார் வெயில் என்று பேசிக்கொண்டே வந்தான். ஜீவராஜ் ம் கொட்டினான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அழகன் தலையை வெளியே நீட்டினான்.

"டேய் ஜீவா, அங்கேருந்து புது மெஷின் ஒண்ணு அனுப்புறேன். பழசைத் தூக்கிப் போடு."

ஜீவராஜ் தலையாட்டினான். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது.

"மெஷின் எதுக்குடா," என்றான் ஜீவராஜ். "நீ வா."

அத்தனை வேகமான கை இருந்தும் வாய் மட்டும் பிந்திவிட்டது. பஸ் அதற்குள் கோயில் வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.