சோப்பு வாடை

குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்காகப் பீய்ச்சி, சின்னச் சின்னப் பைகளில் ஃப்ரீசரில் அடுக்கி வைத்த பால் அது. குடிக்கத்தான் அவன் இல்லை. "எடுத்துக் கொட்டிடலாம்டி" என்ற அக்காவை, கை வைத்துப் பார் தெரியும் சேதி என்று விரட்டியிருந்தேன்.

அன்று காலை ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். "இங்க ஒரு குட்டிப் பாப்பா இப்பத்தான் சப்ப ஆரம்பிச்சிருக்கு. அம்மாவுக்குப் பால் இல்லை. உங்ககிட்டக் கேக்கக் கூடாதுதான்..." கேட்டுவிட்டு அவளே அழுதாள். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு பிள்ளையின் வயிற்றுக்காவது போகட்டும், அவன் வந்து போனதற்கு அதுவாவது மிஞ்சட்டும்.

ஒரு பையை உருக்கித் திறந்தேன். குப்பென்று சோப்பு வாடை. கணவரைக் கூப்பிட்டேன். பால் ஆலையில் பரிசோதகர். ஊர்ப் பாலுக்கெல்லாம் தீர்ப்பு சொல்கிற நாக்கு. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

"கெட்டுப்போகலை. ஆனா குழந்தை துப்பிடும்."

"ஃப்ரீசர்லதானே இருந்துச்சு?"

"பால்லயே இருக்கிற ஒரு என்சைம்தான் இந்த வாடைக்குக் காரணம். குளிர்ல அது சாகாதும்மா, மெதுவாகும், அவ்வளவுதான். சூடு பட்டாத்தான் அடங்கும். பீய்ச்சின உடனே சுட வச்சிருந்தா..."

"இப்பச் சுட வைங்களேன்!"

"வந்த வாடை போகாது."

கறந்த பால் மடி ஏறாதுதான். ஆனாலும் ஆலையில் தினம் அண்டா அண்டாவாகச் சூடேற்றுகிறவருக்கு வீட்டுப் பால் மட்டும் மறந்துபோனதா என்று எரிந்து விழுந்தேன்.

அவர் தலை நிமிரவில்லை. "நம்ம பையனுக்குச் சுட வைக்காமத்தான் வேணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. சுட்டா நல்லதும் போயிடும்னு..."

என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "அந்த என்சைம் எதுக்குத்தான் இருக்கு?"

"கொழுப்பை உடைக்க. சின்ன வயித்துக்குச் செரிக்கணும்ல? உன் பால்ல அது கொஞ்சம் கூடுதல். முன்கூட்டியே வேலையைப் பார்த்து வைக்குது."

பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தனை குளிரிலும் என் பிள்ளைக்காக உழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அவன் இல்லைன்னு அதுக்கு யாருமே சொல்லலையாங்க?"

ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர், பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவரைத் தாங்கப் போனபோதுதான் கவனித்தேன், என் ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. என் உடம்புக்கும் யாரும் சொல்லவில்லை.

"அழுதது போதும், அடுப்பைப் பத்த வைங்க" என்றேன். "பீய்ச்சித் தரேன். இதையாவது உடனே சுட வைப்போம்."