ஒன்பதாவது பெட்டி

"மனிதன் காலத்தை வென்றது வரலாற்றில் ஒரே ஒரு தடவைதான், எண்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, மாலைக் காட்சியில்." திரைப்படச் சங்கத்தின் சிறப்பிதழில் முதல் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. அந்த வெள்ளிக்கிழமை உண்மையில் நடந்தது சைக்கிள் பஞ்சர்.

எடிட்டரம்மா கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டே அதைப் படித்தார். ஒரு கையில் பழைய துண்டு, மறு கையில் சிறப்பிதழ். 'எண்பத்திரண்டின் மறக்க முடியாத பத்துப் படங்கள்' என்று அட்டையில் கொட்டை எழுத்து. எழுதியவர் முன்வரிசை. எந்தப் படமானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார் என்பதால் வந்த பெயர். நாற்பது வருஷப் பழக்கத்தில், எதிரே மனிதர்கள் நின்றாலும் அவருடைய மோவாய் இறங்குவதில்லை. பத்தாவது இடத்தில், யாருமே வாய் திறக்காத படம். எட்டாவதில், ஒருவர் மட்டும் வாயை மூடாத படம். ஐந்தாவதில், ஒரு கிணற்றை முக்கால் மணி நேரம் காட்டிய படம். யாராவது விழுவார்கள் என்று ஜனம் காத்திருந்தது, கடைசியில் விழுந்தது தயாரிப்பாளர்தான். அந்த வருஷம் இருநூறு நாள் ஓடிய இரட்டை வேடப் படத்துக்கு இடமில்லை. ஊரே மறக்காத படம் எப்படி மறக்க முடியாத படமாகும்? முதல் இடத்தில் தபால்காரன் படம். எடிட்டரம்மா தன் கையால் வெட்டி ஒட்டியது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் கட்டுரை என்ன சொன்னது? "பத்தாம் சுருளில் இறந்துபோகும் தபால்காரன் அடுத்த காட்சியில் கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கிறான். மரணத்துக்குப் பின்னும் தாடி வளர்கிறது! காலத்தை இப்படிக் கலைத்துப்போடும் துணிச்சல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை."

"மண்ணாங்கட்டி" என்றார் எடிட்டரம்மா.

கட்டிலில் படுத்திருந்த கணவர் காதை மட்டும் திருப்பினார். "என்னையா சொல்றே?"

"உங்களத்தான். காலத்த ஜெயிச்சிருக்கீங்களாம். எந்திரிச்சு உக்காருங்க."

தபால்காரன் படத்தின் தயாரிப்பாளரிடம் அன்றைக்குப் பணம் இருந்தது ஒரே ஒரு பிரதிக்குத்தான், தியேட்டர்களோ இரண்டு. முதல் தியேட்டரில் ஒரு சுருள் ஓடி முடிந்ததும் தகரப் பெட்டியில் வைத்து சைக்கிளில் இரண்டாவது தியேட்டருக்கு அனுப்புவார்கள். ஒற்றைப்படைப் பெட்டிகளுக்கு ஒரு சைக்கிள், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஒன்பதாவது பெட்டியோடு கிளம்பிய சைக்கிள் பாதி வழியில் காற்றுப் போய் உட்கார்ந்துவிட, பின்னால் வந்த பத்தாவது பெட்டி மணியடித்து முந்திப் போனது. இரண்டாவது தியேட்டரில் விசில் பறந்தது. ஆபரேட்டர் கையில் இருந்ததை ஓட்டினார். இப்படியாகத் தபால்காரன் முதலில் செத்தான், பிறகு சவரம் செய்துகொண்டான். முதல் வரிசையில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து நின்று கைதட்டினார். பஞ்சரான சைக்கிள்காரர் மறுநாள் எடிட்டிங் அறைக்கு மன்னிப்புக் கேட்க வந்தார். மூன்று மாதம் விடாமல் மன்னிப்புக் கேட்டுக் கடைசியில் பெண் கேட்டார்.

எடிட்டரம்மாவுக்கு வயிறு எரிந்ததெல்லாம் ஒரு துண்டுக்காக. ஒன்பதாவது சுருளில் தபால்காரன் முகத்தைத் துடைத்து, துண்டை மனைவி தோளில் போட்டுவிட்டுப் போவான். பத்தாவதில் சாவு. பதினொன்றில் மனைவி வீட்டுக்குள் வருவாள். கொடியில் அந்தத் துண்டு இன்னும் ஈரமாகத் தொங்கும். வசனம் கிடையாது, இசை கிடையாது. அந்த ஈரத்தை எவ்வளவு நேரம் காட்டுவது என்று நான்கு நாள் வெட்டியும் ஒட்டியும் பார்த்திருந்தார். முதல் தியேட்டரில் அந்த இடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டாவதில் மரணத்துக்குப் பின் தாடி வளர்ந்தது. கட்டுரையின் கடைசி வரி வேறு: மிஞ்சியிருந்த ஒரே பிரதியைச் சங்கம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விழாவில் "அதே வரலாற்று வரிசையில்" திரையிட்டு, அப்படியே எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பப் போகிறது. பெட்டிகள் துருப்பிடித்துவிட்டதால் சுருள்களோடு குப்பைக்குப் போயாகிவிட்டன.

பிற்பகலே இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். மாடியில் ஒரே அறை. மடக்கு நாற்காலிகள் பத்து. முன்வரிசை அங்கேயும் முதல் நாற்காலியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வங்கியில் ஓய்வு பெற்ற செயலாளர் பதறி எழுந்தார்.

"வாங்கம்மா வாங்க! ஞாயித்துக்கிழமை நீங்கதான் மேடையில நடுநாயகம்."

"நாயகமெல்லாம் இருக்கட்டும். ஒன்பதாவது சுருள எட்டாவதுக்கு அப்புறம் போடுங்க. எண்ணத் தெரிஞ்ச யாரு வேணாலும் செய்யலாம்."

முன்வரிசை திரும்பாமலே பேசினார். "படைச்சவங்களுக்குத் தான் படைச்சது என்னன்னு தெரியாதும்மா. உலகம் பூரா அப்படித்தான்."

"எனக்குத் தெரியும் சார். சமைச்சவளுக்கு உப்பு போட்டாளா இல்லையான்னு தெரியாதா?"

"இதுல ஆராய்ச்சி பண்ணி மூணு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க."

"நல்ல காத்தா பாத்துப் பறக்கவிடச் சொல்லுங்க."

கணவர் தொண்டையைச் செருமினார். "சார், பஞ்சரானது என் சைக்கிள்தான். ஆணி. பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு ஓடினேன்."

முன்வரிசையின் மோவாய் முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பியது. "நீங்களா! வரலாறு உங்க கால் வழியா ஓடியிருக்கு. செயலாளரே, இவருக்கும் மேடையில ஒரு நாற்காலி போடுங்க."

"ஐயோ, எனக்கெதுக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். எடிட்டரம்மா பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

"நாலு நாள் சார்" என்றார் எடிட்டரம்மா. "அந்த ஈரத் துண்டு காயறதுக்குள்ள அவ உள்ள வரணும். அதுக்காக நாலு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தேன். நீங்க பஞ்சருக்குக் கை தட்டினீங்க. சரி, அன்னைக்குத் தெரியல. இப்பதான் சொல்றேனே?"

"இப்பதான் சொல்றீங்க" என்றார் முன்வரிசை மெதுவாக. மடியிலிருந்த கோப்பைப் பிரித்து ஒரு பழைய பத்திரிகைப் படத்தை எடுத்து நீட்டினார். அதே வருஷக் கடைசி. விமர்சகர் சங்க விழா. சிறந்த படத்தொகுப்பு. மேடையில் இளம்பெண் ஒருத்தி, கையில் கேடயம், முகமெல்லாம் பல். "அன்னைக்கு மைக் உங்க கையிலதான இருந்துச்சு?"

கணவர் காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

செயலாளர் கணக்கை நேர் செய்தே பழகியவர். "சண்டை எதுக்கு? அது தப்பான வரிசைன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. மேடையில படிச்சிட்டு, நீங்க சொல்ற வரிசையிலயே படத்தப் போட்டுடுறோம். கல்லூரிக்கும் அதுவே போகும். அந்தக் கேடயத்த மட்டும் கொண்டு வந்துடுங்க, திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்."

"கொண்டு வரேன். அது கிடக்கு, தகரம்!" என்று சொல்லிவிட்டு எடிட்டரம்மா படியிறங்கினார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஆணியை, தயாரிப்பாளரை, பட்டம் வாங்கிய மூவரை, மோவாயை. கணவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" போட்டார். வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டு, மேசையில் உட்கார்ந்து, 'எண்பத்திரண்டாம் ஆண்டில் நான் தொகுத்த' என்பது வரை ஒரே மூச்சில் எழுதினார். பேனா நின்றது.

"ஏம்மா, கேடயத்த எடுத்துப் பையில வைக்கட்டுமா?" என்றார் கணவர்.

"நானே எடுத்துக்கறேன். நீங்க போய்ப் படுங்க."

எடிட்டரம்மா அலமாரியைத் திறந்தார். கேடயம் நடுத்தட்டில், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. அவர் பெயருக்குக் கீழே 'காலத்தைக் கலைத்த கத்தரிக்கு' என்று பொறித்திருந்தது. அலமாரிக்குள் இருந்தவற்றில் காலையில் அவர் துடைத்தது அதை மட்டும்தான்.