பிடித்து நிறுத்தும் காந்தம்

மோட்டாரின் அச்சை இரண்டு விரல்களால் திருகிப் பார்த்தாள் பூரணி. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் அது முரண்டு பிடித்து நின்று, பிறகு வெடுக்கென்று நகர்ந்தது. உள்ளே இருந்த காந்தங்களுக்கு அவ்வளவு வலு.

"நம்ம காருக்கு இந்த மோட்டார்தான் சரி, நானா," என்றாள்.

அண்ணன் முறையில் அவள் நானா என்று கூப்பிடும் லாபிருக்கு அது பிடிக்கவில்லை. இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை அவருடையது. பூரணி அங்கே மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் வேலை செய்தாள். அறுபத்தைந்தாம் வருஷ ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கார்னிவலில் கொழும்புக்காரர் ஒருவர் நீளமான மேசையில் வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டிருந்தார். பாதையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்தபடி, உள்ளங்கையளவு கார்கள் மின்சாரத்தில் பறந்தன. கையில் இருக்கும் விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கடையின் பெயரில் ஒரு கார் ஓடவேண்டும் என்று லாபிருக்கு ஆசை. ஓட்டுவதற்குப் பூரணியின் விரல்தான் சரி என்றும் அவரே சொல்லியிருந்தார்.

"வலுக் கொறஞ்ச காந்தத்தப் போட்டா மோட்டார் இன்னும் வேகமாச் சுத்தும் புள்ள. பந்தயம்னா வேகந்தானே?"

"சுத்தும். ஆனா விசைய விட்டா நிக்காது, வளைவுல வெளிய தூக்கி எறிஞ்சிரும். சூடும் ஏறும். இது கொஞ்சம் மெதுவாச் சுத்துனாலும் விட்ட எடத்துல பிடிச்சு நிறுத்தும். வளைவுலருந்து எந்திரிச்சும் ஓடும்."

அவள் பிடிவாதம் அவருக்குத் தெரியும். கர்ப்பிணியான அண்ணியைச் செங்குத்து மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பக் கூடாது என்று, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கை மறித்து நின்றவள். அதற்காகப் பூண்டுலோயாப் பக்கத்து அந்தத் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னதுரை, வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டினார். குடியிருந்த லயத்துக் காம்பிராவும் அதோடு போயிற்று.

பந்தயத்தில் அவளுக்கு எதிராக வந்து நின்றது அதே சின்னதுரை. சீமையிலிருந்து வந்த சிவப்புக் கார் அவர் கையில் இருந்தது. அவளை அடையாளம் கண்டதும் சிரித்தார். மூன்று ஓட்டம், இரண்டில் ஜெயித்தால் போதும்.

முதல் ஓட்டத்தில் அவள் தோற்றாள். நேர்ப்பாதையில் சிவப்புக் கார் சீறிக்கொண்டு முன்னே போய்விட்டது.

"இன்னும் நேரமிருக்கு, காந்தத்த மாத்திருவோம்," என்று காதருகே சொன்னார் லாபிர். திருப்புளியைக்கூட எடுத்துவிட்டார்.

"வேணாம் நானா. காந்தத்துமேல பிழையில்ல. அவரப் பாத்ததும் எனக்குக் கை பதறிருச்சு. ஒவ்வொரு வளைவுலயும் முன்னாடியே வெரல எடுத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கோபம் வந்தது. பேரை வெட்டிய நாளில் லயத்து வாசலில் சாமான்களோடு நின்றபோதுகூட அவள் இந்த மனுஷனுக்குப் பயந்ததில்லை. இப்போது எதற்கு?

இரண்டாம் ஓட்டத்தில் வளைவின் வாய்வரை விசையை விடவில்லை. விட்ட கணத்தில் கார் பள்ளத்தில் அடங்கியது. அழுத்தியதும் நிமிர்ந்து ஓடியது. அவளை முந்தும் அவசரத்தில் சிவப்புக் கார் கடைசி வளைவில் பாதையை விட்டெழும்பித் தரையில் போய் விழுந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

காரை எடுத்துத் துடைத்த சின்னதுரை, கொழும்புக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். கொழும்புக்காரர் தயங்கித் தயங்கி லாபிரிடம் வந்தார்.

"கடைசி ஓட்டத்தை முதலாளியே ஓட்டுங்களேன். கொழுந்துக்காரியோட போட்டி போடுறது தொரைக்கு மரியாதை இல்லையாம்."

லாபிர் பூரணியைப் பார்த்தார். சின்னதுரையின் பங்களா ரேடியோவும் அவர் கடைக்குத்தான் வரும். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தவர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஓட்ட வராது மாத்தயா. கடையில ஓட்டத் தெரிஞ்சது இவதான்."

"நான் எடத்த விட்டு வெலக மாட்டேங்க," என்றாள் பூரணி. குரல் கூட்டத்தின் கடைசிவரை கேட்டது. "தொரைக்கு ஓட மனசில்லன்னா அவர் காரத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

எல்லோரும் சின்னதுரையைப் பார்த்தார்கள். அவர் முகம் காரைவிடச் சிவந்திருந்தது. கடைசியில் காரைக் கோட்டில் கொண்டுவந்து வைத்தார்.

கொழும்புக்காரர் மின்சாரத்தைப் போட்டார். இரண்டு கார்களும் மெல்ல அதிர்ந்தன. வெளியிலிருந்து பனி கார்னிவல் கூடாரத்துக்குள் நுழைந்து பாதையின் கோடி வளைவை மறைக்கத் தொடங்கியிருந்தது. பூரணி கண்ணை அந்த வளைவில் வைத்து, விசையின்மேல் விரலை இறக்கினாள்.