லோகேஸ்வரன் பிரேக் பிடித்த இடம்

பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் ஏழு வருடங்களாக ஒரு கார் நிற்கிறது. அதைச் சுற்றிப் பத்தடிக்கு மழைத்துளிகள் தரைக்கு வராமல் அந்தரத்தில் தொங்குகின்றன. உள்ளே லோகேஸ்வரன் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இன்னும் முப்பத்து நான்கு வயதுதான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஜெலுத்தோங் நெரிசலில் சைக்கிள்காரன்கூட முந்திப்போகும் வேகத்தில் வேலைக்குப் போய் வந்தவன். அப்பேர்ப்பட்ட பெருமான் காருக்கு நான்கு செராமிக் பிரேக் டிஸ்க் வாங்கிப் போட்டான். அந்த விலைக்கு இன்னொரு காரே வந்திருக்கும். பொய் சொல்லக்கூடாது, சரக்கு நல்ல சரக்குதான். இரும்பு டிஸ்க் கடற்காற்றில் துருப்பிடிக்கும், சக்கரமெல்லாம் கரித்தூள் அப்பும், மலையிறக்கத்தில் சூடேறிக் கைவிடும். இதற்கு அந்த வியாதி எதுவும் கிடையாது. எடை பாதி, ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம். மாட்டிக்கொடுத்த மெக்கானிக் அய்யாக்கண்ணு மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, இது ரேஸ் ஓட்டுறவனுக்கு லா. சூடேறாம சரியா பிடிக்காது. சுத்தியல் பட்டா தட்டு மாதிரி ஒடஞ்சிரும். ஜேம்ல நிக்கிற கெரெத்தாவுக்கு எதுக்கு இது?" லோகேஸ்வரன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றும்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் பிரேக்கைச் சூடாக்க மலைக்குப் போய் வந்தான். பழைய பல்துலக்கியால் டிஸ்க்கைத் துடைத்தான். நிறைமாதமாயிருந்த மனைவி தனுஜாவின் கால்கள் வீங்கியிருந்தது அவன் கண்ணில் படவில்லை.

அவளுக்கு வலி கண்ட காலையில் மழை. மருத்துவமனை பத்து நிமிடத் தூரம். இந்த மகராசன் காரை எதிர்த்திசையில் மலைக்குத் திருப்பினான். "பிரேக் சூடாகாம உன்னைய ஏத்திக்கிட்டு டவுனுக்குள்ள போக முடியாது. சேஃப்டி முக்கியம்" என்றான். பின்சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஏறி இறங்கும்போது மூன்றாவது வளைவில் ஒரு குரங்கு குறுக்கே ஓடியது. மிதித்தான்.

டிஸ்க் நன்றாகத்தான் சூடேறியிருந்தது. கார் நின்றது, மழை நின்றது, மிதித்தவனும் நின்றான், தனுஜாவின் வலியும் நின்றது. குரங்கு மட்டும் தப்பிப் போயிற்று. வலி போனதும் வயிற்றில் அசைவும் இல்லாததை உணர்ந்து அவள் பதறிப்போய்க் கதவைத் திறந்து நடந்தாள். பத்தடி தாண்டியதும் குழந்தை உதைத்தது, வலி திரும்பியது. அப்போது வந்த டுரியான் பழ வியாபாரி ஹைருலின் லாரி, கீச்சென்று ஊரைக் கூட்டும் துருப்பிடித்த இரும்பு பிரேக்கால், அவள் முன்னே சரியாக நின்றது. அந்த லாரியில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து ஹேமாவைப் பெற்றாள்.

நகராண்மைக் கழகம் இழுத்துப் பார்த்தது. மூன்று கயிறு அறுந்தபின் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனது. பக்திமான்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் நம்பரை நாலு நம்பர் லாட்டரியில் எடுத்தவர்களும் உண்டு, ஒருவருக்கும் விழவில்லை. தனுஜா வருடா வருடம் மகளின் பிறந்தநாளன்று வந்து ஒரு துண்டு கேக்கை பானெட்டில் வைத்தாள். எந்தத் துண்டும் கெடவில்லை.

இந்த வருடம் அய்யாக்கண்ணுவும் சுத்தியலோடு வந்தார். "ஒரே போடு, டிஸ்க் ஒடஞ்சிரும், ஆளு வெளிய வந்துருவான். போடட்டுமா?"

ஹேமா தொங்கும் துளிகளை விரலால் குத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். தனுஜா கண்ணாடி வழியாகக் கணவனை நெடுநேரம் பார்த்தாள்.

"வேணாண்ணே. எறங்குன ஒடனே புள்ள எங்கன்னு கேக்க மாட்டாரு. டிஸ்க்க எவன் ஒடச்சான்னுதான் கேப்பாரு. என் புள்ள காதுல அது விழ வேணாம்."

அய்யாக்கண்ணு சுத்தியலைப் பைக்குள் போட்டார். ஹேமா ஏழாவது துண்டை மற்ற ஆறோடு வரிசையாக வைத்தாள். சக்கரத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மூவரும் அய்யாக்கண்ணுவின் பழைய காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.