ஊசி உடைந்தால்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே தையல் கூடத்தின் ஷட்டர் ஏறிவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் நாற்பது மெஷின்களும் இரைய ஆரம்பித்தன. பட்டன் துளை போடும் காஜா மெஷினில் இருந்தவளுக்கு வயது இருபத்திரண்டு. எல்லோருக்கும் அவள் 'காஜா'தான். துணியைத் தள்ளு, மிதி, இழு. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது, முதுகு விண்விண் என்று தெறித்தது. எல்லாம் வேறு யாருடைய உடம்புக்கோ நடப்பது போலிருந்தது அவளுக்கு. மூன்று மாதமாகவே அப்படித்தான்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, தாளில் ஒட்டி, ஸ்டோர் ரூமில் காட்டினால்தான் புது ஊசி. தைத்த சட்டைக்குள் துண்டு கிடந்து யாரையாவது குத்திவிடக் கூடாதாம். எங்கோ சட்டை போடப்போகிற முகம் தெரியாதவனுக்கு அத்தனை பாதுகாப்பு! ஊசி வாங்கப் போகிற பெண்ணுக்கு ஒரு மண்ணும் கிடையாது. ஸ்டோர் சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் இருந்தது. தனியாக உள்ளே போனவர்கள் ஊசியோடு திரும்பி வந்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து தைத்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் காஜாவும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் போடலாம் என்று முதலில் பேச்செடுத்தவன் கம்பெனியில் சட்டைகளுக்குப் பெட்டி போடும் இஸ்திரிக்காரன். பஸ்ஸில் அவன் தங்கையிடம் ஒருவன் அத்துமீறியதை அத்தனை பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்த ஆத்திரம் அவனுக்கு. கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் தெருவின் இளவட்டங்கள் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். ஞாயிறு காலை, தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். பாலியல் வன்முறையை எப்படித் தடுப்பது, கண்ணால் பார்த்தவர்கள் என்ன செய்வது, யாரிடம் புகார் கொடுப்பது எல்லாம் பேசுவதாக ஏற்பாடு.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நோட்டீசைக் காஜாவின் தலையில் கட்டினார்கள். எழுதினாள். பஸ்ஸில் ஒரு பெண் நெளிந்தால் வேடிக்கை பார்க்காதே. சொல்ல வருகிற பிள்ளையை அதட்டாதே, காது கொடு. அடுத்த வரியை அவள் கை தன்பாட்டுக்கு எழுதியது: ஊசி உடைந்தால் தனியாகப் போகாதே.

படித்துப் பார்த்தவர்களும் கம்பெனிப் பிள்ளைகள்தானே, யாருக்கும் அந்த வரி உறுத்தவில்லை. முந்தின ராத்திரியே தெரு முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு முதலாளி அந்த நோட்டீசோடு தையல் கூடத்துக்குள் வந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"தெருவுக்குப் போட்ட நோட்டீஸாமே! எந்தத் தெருவுல ஊசி உடையுது? எழுதினது யாரு?"

காஜா எழுந்தாள். "நான்தான் சார்."

"உன்னை யாரு என்ன பண்ணினா? இதோ சூப்பர்வைசர் நிக்கிறாரு, அவர் முன்னாடியே சொல்லு."

சூப்பர்வைசர் சாவிக்கொத்தைத் தடவியபடி சிரித்தான்.

"இங்க சொல்ல மாட்டேன் சார். ஞாயித்துக்கிழமை சொல்றேன். நீங்களும் வாங்க."

அதில் வீரமெல்லாம் இல்லை. மரத்துப்போன குரலில் கடைக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். முதலாளியின் முகம் கறுத்தது.

"மத்தியானத்துக்குள்ள மன்னிப்புக் கடிதம் வரணும். கூட்டம் கிடையாதுன்னு எழுதிக் குடு. இல்லேன்னா அங்க தலை காட்டுற ஒருத்தருக்கும் திங்கக்கிழமை வேலை கிடையாது."

"அப்புறம் யாரு சார் தைப்பா?" என்றான் இஸ்திரிக்காரன்.

"வெளியில நூறு பேர் நிக்கிறாங்கடா!"

சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. காஜா தாளும் பேனாவும் எடுத்தாள்.

"என்னால உங்க பொழைப்பு கெட வேணாம். எழுதிக் குடுத்துடறேன்."

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினிலிருந்து அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வருஷம் இங்கே தைத்தவள். கூட்டப் பேச்சு கிளம்பிய நாளிலிருந்து 'ஊர் வம்பு நமக்கெதுக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"எழுது. ஆனா நான் சொல்றதை எழுது. ஐயா, ஞாயித்துக்கிழமை கூட்டம் உண்டு. அதுல முதல்ல பேசப்போறது ஓவர்லாக் மெஷின்ல இருக்கிற நான்."

காஜா நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா... உங்களுக்குமா?"

"இவனுக்கு முன்னாடி வேற ஒருத்தன் சாவி வச்சிருந்தான்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். அன்னிக்கே நான் வாயைத் திறந்திருந்தா நீ அந்த ரூமுக்குப் போயிருக்க மாட்டே." அக்கா தாளைக் காஜாவின் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல நான் பேசறேன். அடுத்தது நீ. பேச்சு வரலேன்னாலும் பரவாயில்ல, என் பக்கத்துல நில்லு."

எத்தனையோ நாளாக எதுவும் உறைக்காமல் கிடந்தவளுக்கு இப்போது பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே எழுதி முடித்தாள்.

கடிதம் மெஷின் மெஷினாகப் போனது. கையெழுத்துகளோடு எண்ணெய்க் கறையும் ஏறியது. இரண்டு பேர் போடவில்லை, அவர்களை யாரும் ஏசவும் இல்லை. திங்கட்கிழமை கேட் திறக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தை மடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போகக் காஜா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டூல்கள் நகரும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.