நக்காத நாய்

அன்று காலை நான் வளர்க்கிற நாய் பிறவுணியைத் துடைத்தே எனக்குக் கை ஓய்ந்துபோனது. மார்கழி மழை. ஆரையம்பதியிலிருந்து ஓட்டோவில் வந்தும் அதன் வயிறும் கால்களும் நனைந்துவிட்டன. நிலையத்தின் பின்விறாந்தையில் குந்தியிருந்து முதலில் ஒரு துவாய், பிறகு இன்னொரு துவாய், கடைசியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சாரம் என்று மாற்றி மாற்றித் துடைத்தேன். விரல் இடுக்கு, காதுமடலின் உள்பக்கம், வாலின் அடி எல்லாவற்றையும் புறங்கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஈரமிருந்தால் என்ன, மனிதர் நனைவதில்லையா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். அசனார் காக்காவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான், அவர்கள் இல்லை.

அசனார் காக்காவுக்கு அறுபத்தெட்டு வயது; அண்ணன் என்ற மரியாதையில்தான் காக்கா என்று கூப்பிடுவோம். காத்தான்குடியில் பிடவைக் கடை வைத்திருந்தவர். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கையில் ஊசியால் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. வாவிக்கரையில் இருக்கிற எங்கள் கைகால் பயிற்சி நிலையத்துக்கு மகள் றபீக்கா கிழமைக்கு இரண்டு நாள் அவரைக் கூட்டிவருவாள். றப்பர் பந்தை நசுக்கச் சொன்னால், இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படி இருந்த மனிதர் ஐப்பசியில் ஒருநாள், அறை மூலையில் படுத்திருந்த பிறவுணியை வெகுநேரம் பார்த்துவிட்டு, அதன் முதுகு மயிர் ஒரு பக்கமாய்ச் சடைபிடித்துக் கிடக்கிறதே, ஒருவரும் சீவிவிடுவதில்லையா என்று கேட்டார். துணியின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நாற்பது வருடம் தடவிப் பார்த்த கண். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்களே சீவிவிடுங்கள் என்று பிரஷை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"காஞ்சிருந்தா தொடுறதில எனக்குப் பிரச்சின இல்ல, மகள். ஈரமும் எச்சிலும் படப்படாது. பட்டா, முறையாக் கழுவாம நான் தொழ ஏலாது."

"படாது காக்கா. நான் பொறுப்பு."

இவ்வளவுதான் பேச்சு. பிரஷின் பிடியை அவருடைய கையோடு றப்பர் பட்டியால் கட்டிவிட்டேன். முதல் கிழமை தோள் மட்டும் அசைந்தது. பிறகு முழங்கை. போன வியாழக்கிழமை பட்டியைக் கழற்றியும் விரல்கள் பிடியை விடவில்லை. எட்டு எண்ணும்வரை வைத்திருந்தார். றபீக்கா அதை வீட்டிலே போய்ச் சொல்லி, அன்றைக்கு இனிப்பாக வட்டிலப்பம் செய்தார்களாம். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

பிறவுணி இங்கே வருவதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மாசியில், இரண்டு மாதக் குட்டியாக, ஒரு மட்டைப்பெட்டிக்குள் வைத்துத்தான் நிலையத்தை நடத்துகிற நிறுவனம் அதை என்னிடம் தந்தது. கூடவே ஒரு தடித்த புத்தகம். நோயாளிகளோடு பழக விடுகிற தெரபி நாய் என்றால் காதை இழுத்தாலும் பொறுக்க வேண்டும், வாலை மிதித்தாலும் பொறுக்க வேண்டும், சக்கர நாற்காலி காலில் ஏறினாலும் உறுமக்கூடாது. புத்தகம் முழுக்கப் பொறு, பொறு, பொறு. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அப்படிப்பட்டவளிடம் பொறுமை படிப்பிக்கக் கொடுத்திருக்கிறார்களே என்று அம்மா சிரித்தாள். நான் படிப்பித்தேன். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும்போது தூரத்தில் நின்று, நாளுக்கு நாள் பத்தடி கிட்டப்போய்ப் பழக்கினேன். காத்தான்குடிக் கடைத்தெருவிலே ஓரமாக நடத்தினேன். யாராவது ஒதுங்கினால் நானும் நாயை ஒதுக்கிக்கொண்டேன். யாரும் ஏசவில்லை.

நக்காமல் இருக்கப் பழக்கியதுதான் பெரும்பாடு. புத்தகத்தில் அது அரைப் பக்கம். எனக்கு அது மூன்று மாதம். குட்டிக்கு நாக்குத்தான் கை, அதைக் கட்டிப்போடுவது லேசான காரியமா? என் உள்ளங்கையில் மீன்குழம்பு பூசுவேன், நெய் பூசுவேன், டின்பால் பூசுவேன். மூக்குக்கு முன்னால் நீட்டி "இரு" என்பேன். நாக்கு வந்தால் கையை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவேன். அடித்ததில்லை. கடைசியில், வாயிலிருந்து நூல்நூலாய் வடிய வடிய, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அது இருக்கப் பழகியது. அங்கேதான் நான் பிழைவிட்டேன். கையை நக்குவது ஒருநாளும் இல்லை என்று பழக்கியிருக்க வேண்டும். இவ்வளவு பொறுத்ததே, பாவம் என்று "எடு" சொல்லி அந்தக் கையையே நக்கக் கொடுத்தேன்.

இரண்டாவது பிழையை எனக்கு மேலே இருந்தவர்கள் செய்யச் சொன்னார்கள். நாய் ஒரே ஆளின் சொல்லுக்கு மட்டும் பணியக்கூடாதாம், எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அதனால் திட்ட இணைப்பாளர் விஜிதரன் மூன்று நாள் என் வீட்டுக்கு வந்து பழகினான். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஆனாலும் சேர் என்றுதான் கூப்பிட வேண்டும். எந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தாழ்ந்த குரலில், ஒரேயொரு தரம். கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான்.

அந்த விஜிதரன்தான் அன்று கமராக்காரன் மதுஷனோடு வந்திருந்தான். ஆண்டறிக்கையின் முன்னட்டைக்குப் படம் வேண்டுமாம். ஒரு கிழமைக்கு முன்னமே என்னிடம் கேட்டிருந்தான்: தமிழ் வீட்டில் வளர்ந்த நாய் முஸ்லிம் ஐயாவின் கையை நக்குவது போல ஒரு படம் இருந்தால் இன நல்லிணக்கத்துக்கு நல்லா இருக்கும். அது ஏன் ஏலாது என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். அவர் தொழுகிற மனிதர், அவருக்கு நான் சொல் கொடுத்திருக்கிறேன், பிரஷ் பிடித்துச் சீவுகிற படத்தை எடுங்கள், அதுதான் உண்மையான படம் என்றேன். விளங்குது அக்கா, விளங்குது என்றான். இந்த 'விளங்குது' என்ற சொல்லை நம்பினது என் மூன்றாவது பிழை.

பயிற்சி அறையில் அசனார் காக்கா மேசைக்கு முன்னால் இருந்தார். வலது கையை நேராக வைப்பதற்கான பலகையில் கட்டியிருந்தோம், வழமையாகச் செய்வதுதான். படம் எடுக்கிறார்கள் என்று வெள்ளைத் தொப்பியும் கஞ்சி போட்ட சேட்டும் போட்டு வந்திருந்தார். றபீக்கா நிலையத்துக்கு முன்னாலிருந்த மருந்துக்கடைக்குக் குளிசை வாங்கப் போனாள். விஜிதரன் என்னிடம் முற்றத்துக்கு அப்பால் இருக்கிற அலுவலகத்திலிருந்து வரவுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான். பிறவுணியிடம் "இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். குடை பிடித்துப் போய்வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வாசலுக்கு வந்தபோது மதுஷன் முழங்காலில் நின்றான். அசனார் காக்காவின் புறங்கையில் டின்பால் வழிந்துகொண்டிருந்தது. கைக்கு எண்ணெய் பூசப்போகிறோம், நீங்கள் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் நம்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறவுணி அந்தக் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. கையைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தது, என்னைத் தேடி. நான் வாயைத் திறப்பதற்குள் விஜிதரன் "எடு" என்றான். தாழ்ந்த குரலில், ஒரேயொரு தரம்.

பிறவுணி நக்கியது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, இடுக்கு இடுக்காக, ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல். கமரா டக் டக்கென்று அடித்தது. காக்கா சிரித்தபடியே இருந்தார். அந்தக் கைக்குத்தான் ஒன்றும் தெரியாதே. வாசலில் நின்ற என் முகத்தைக் கண்டுதான் அவருடைய சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாகக் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"மகள்" என்றார்.

வரவுப் புத்தகத்தை எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியாது. நாயை இழுத்து வெளியே விட்டேன். பலகையின் கட்டை அவிழ்த்தேன். விஜிதரன் கிட்ட வந்து, கழுவினால் சரிதானே அக்கா, படம் நல்லா வந்திருக்கு, ஐயாவும் சிரித்திருக்கிறார் என்றான். மதுஷன் கமராவை இறக்கி, அழித்துவிடட்டா சேர் என்று கேட்டான். வேண்டாம் என்று விஜிதரன் கை காட்டினான். பத்து மாதமாக அந்த நாயிடம் ஒருநாளும் உயராத என் குரல் அப்போது உயர்ந்தது.

"நீ கேட்டிருந்தா அந்த மனிசன் மாட்டன் எண்டிருப்பார். அதுக்காகத்தான் நீ கேக்கல்ல. கை விளங்காத ஆளெண்டு தெரிஞ்சு, அந்தக் கையில பூசினியே, நீ மனிசனாடா?"

அவன் முகம் கறுத்தது. நாளைக்கு அலுவலகத்தில் பேசுவோம் என்றான். தெரபி நாயாகத் தேறுவதற்கான தை மாதச் சோதனைக்கு நாயை வேறு ஆள் கொண்டுபோகலாம், அதற்கு எல்லாருடைய சொல்லும் பழக்கம்தானே என்றும் சொன்னான். எனக்கு உறைத்தது. உறைக்கட்டும் என்றுதான் சொன்னான்.

றபீக்கா குளிசைப் பையோடு வந்தாள். நடந்ததை நானே சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவுமில்லை, யாரையும் ஏசவுமில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வாப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பிப் பின்விறாந்தைக்கு நடத்தினாள். எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், முதல் தரம் மண்ணும் சேர்த்து என்றாள். எங்கே பார்த்தாலும் சேறும் வெள்ளமும். கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, மழை படாத சுவரோரத்தில் விரலால் கிண்டினேன். ஒரு கைப்பிடி காய்ந்த மண் கிடைத்தது. நகத்துக்குள் கல் குத்தி இரத்தம் வந்ததைப் பிறகுதான் கண்டேன். இரத்தம் படாத பக்கமாக மண்ணை றபீக்காவின் கையில் போட்டேன்.

அவள் தேய்த்தாள். நான் வாளியிலிருந்து ஊற்றினேன். காக்கா எண்ணினார். ஒண்டு என்றவர் நெடுநேரம் இரண்டு சொல்லவில்லை. விரல் இடுக்கில் மண் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட பிழ காக்கா."

அவர் நிமிரவில்லை.

"உங்கட பிழ இல்ல எண்டு சொல்ல எனக்கு இப்ப ஏலாது, மகள். மனசு ஆறட்டும்."

வியாழக்கிழமை வருவீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. றபீக்கா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள். இரண்டு என்றார் காக்கா. நான் ஊற்றினேன். மூன்று.

பிறவுணி விறாந்தையின் அந்தக் கோடியில் இருந்தது. யாரும் சொல்லாமலே நேராக நிமிர்ந்து, முன்கால்களைச் சேர்த்து, நான் படிப்பித்த மாதிரி. மீசை மயிரில் பால் ஒட்டியிருந்தது. சொன்னதைச் செய்தால் நான் "கெட்டிக்காரி" என்று சொல்லித் தலையைத் தடவுவேன். பத்து மாதத்தில் ஒருநாளும் தவறவில்லை. இன்றைக்கும் அது சொன்னதைத்தான் செய்தது. ஏசவும் எனக்கு நியாயமில்லை, தடவவும் கை வரவில்லை. காக்கா நான்கு என்றார். வாளியைச் சரித்தேன். பிறவுணி வாலைச் சீமெந்தில் ஒருதரம் அடித்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.