செல்வகணேஷ் முகத்தில் முத்து

"வேப்பிலையை எவ செருகுனா? சொல்லுட்டி. மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுக்குல நின்னு, அப்படியே பின்னாலயே போயிருச்சு. உனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்குமே?"

"நான் செருகலம்மா. செருகுனவிய காம்பவுண்டுச் சுவர்கிட்டதான் நிக்காவ. கேளு."

நின்றது நான்தான். பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது உள்ளே போய் உட்கார நான் என்ன கல்லா?

வள்ளித்தாய் என் பக்கம் திரும்பினாள். "மதினி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"உன் மகன் முகத்தப் பாத்துட்டு அப்புறம் என்னையக் கேளு."

செல்வகணேஷ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், முகமெல்லாம் அம்மை முத்தோடு, இளநி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அது இவ ஒட்டுனது மதினி."

"அம்மாளை அப்படிப் பேசாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வள்ளித்தாயின் மகள் மாரிசெல்வி சென்னையில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் மேக்கப் போடப் படிக்கிறாள். கல்யாணப் பெண் அலங்காரம் இல்லை. வெட்டுக்காயம், தீக்காயம், கிழடு தட்டின முகம். நல்ல முகத்தைக் கெடுக்க ஃபீஸ் கட்டிப் படிப்பாங்களா என்று தெருவே கேட்டது. கேட்கச் சொன்னது நான். கடைசிப் பரீட்சைக்கு ஒரு நோய் முகம் செய்து வீடியோ அனுப்பணுமாம். முதலில் அனுப்பியதை, "ஒட்டினது தெரியுது, நேர்ல பார்க்கிற ஆள் நம்பணும்" என்று டீச்சர் திருப்பிவிட்டார். இனி ஒரே ஒரு தடவைதான். அதிலும் தேறாவிட்டால் படிப்பு போதும், விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி மகன் மாதவனுக்குக் கழுத்தை நீட்டணும் என்று அப்பா நந்தகோபால் சொல்லிவிட்டார். வள்ளித்தாய்க்கு ரிசல்ட் வரை பொறுக்குமா? மகள் பரீட்சை முகம் செய்கிற அன்றைக்கே பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டு, அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் உறைமோர் வாங்கப் போனவள் செல்வகணேஷைப் பார்த்தேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற பயலுக்குக் கன்னத்திலும் மூக்கிலும் நீர் கோத்து மினுமினுக்கிற முத்து. ஜெலட்டினாம், நான் என்னத்தைக் கண்டேன்? அம்மை வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் திரும்பி, வேப்பங்கொத்து ஒடித்து நிலைப்படியில் செருகிவிட்டு, தெருவுக்கெல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. ஊறவைத்த கருவாடு நாய்க்குப் போனது. எதிர்வீட்டுக் குமரி யோகலட்சுமி இளநியோடு ஓடினாள்.

"முகத்தக் கழுவுலே" என்று வள்ளித்தாய் செம்போடு வரும்போதுதான் நந்தகோபால் எட்டயபுரம் சந்தையில் ஆடு விற்றுவிட்டு வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைத் தெருவிலேயே விட்டார். வள்ளித்தாய் வாயைத் திறக்குமுன் மகன் பக்கத்தில் போய், முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். மாரிசெல்வியின் செல்போன் காலையிலிருந்தே ஜன்னல் கம்பியில் சாய்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

"தாயே, குளுந்து இறங்கும்மா" என்று மகனைக் கும்பிட்டார்.

செல்வகணேஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முத்து கழன்று இளநிக்குள் விழுந்தது.

நந்தகோபால் இளநிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இதுதான் பரீட்சையா?"

"ஆமாப்பா."

"என்னையவே கும்பிட வச்சிட்டியேட்டி. இத அப்படியே அனுப்பு." கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முன்னால அம்மன் கோயில்ல மாவிளக்குப் போடு. அவ கோவிச்சிருந்தா?" என்றார்.

அவள் தேறிவிட்டாள். வேப்பங்கொத்தோடு நான் ஓடியதும் வீடியோவில் இருக்கிறதாம். டீச்சர் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். இப்போது சென்னையில் ஒரு நாடகக் குழுவில் வேலை. ஊருக்கு வந்தால், "அத்தை, உங்களுக்குக் கிழவி வேஷம் போட எனக்கு வேலையே இல்ல" என்கிறாள். கழுதை.

மாதவன் அந்தத் தையிலேயே கயத்தாற்றுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். முத்து எல்லாம் கழுவின பிறகும் யோகலட்சுமியின் இளநி மட்டும் நிற்கவில்லை. கேட்டதற்கு, "அன்னைக்குக் கொடுக்கும்போதே ஒரு முத்து என் விரல்ல ஒட்டிக்கிச்சு அத்தை" என்றாள். வைகாசியில் இவளுக்கும் செல்வகணேஷுக்கும் கல்யாணம் முடிந்து, லோடு ஆட்டோவிலேயே சாமான் ஏற்றித் தூத்துக்குடிக்குக் குடிபோய்விட்டார்கள். காம்பவுண்டுச் சுவர்கிட்ட நின்றால் எனக்கு இப்போது பார்க்க ஒன்றும் இல்லை.